தாய்லாந்து சண்டைப் படங்களில் கீழே விழுகிறவர்கள்

மாடிப்படி எழுதியது:

சண்டைப் படங்களைப் பற்றி இங்கே நிறைய பேசியாகிவிட்டது. தாய்லாந்துப் படங்களுக்கென்று தனி இழை மட்டும் இல்லை. அதனால் தொடங்குகிறேன்.

'ஓங் பாக்' 2003-இல் வந்தது. இயக்கம் பிராச்யா பின்கேவ், சண்டை அமைப்பு பன்னா ரிட்டிக்ராய், நாயகன் டோனி ஜா. டூப் கிடையாது, ரோப் கிடையாது, கிராஃபிக்ஸ் கிடையாது என்று சொல்லியே உலகம் முழுக்க விற்றார்கள். இருபது வருடம் தாண்டிய பிறகும் அதை எடுத்துப் போட்டால் எழுந்திருக்க மனசு வருவதில்லை. ஏன்?

'எல்லாம் நிஜமாகச் செய்தது, அதனால்தான்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது பாதி பதில். உயிரைப் பணயம் வைத்து எடுத்த சண்டைகள் எல்லா ஊர்ப் படத்திலும் உண்டு. பலவற்றைப் பார்க்கும்போது ஒன்றுமே தோன்றாது. நாயகன் காலைத் தூக்குவார், அங்கே ஒரு வெட்டு. அடுத்த ஷாட்டில் அடிபட்டவர் ஏற்கெனவே பறந்துகொண்டிருப்பார். அடி பட்ட அந்த நொடி எங்குமே இருக்காது.

பன்னாவின் படங்களில் அடிக்கிற முழங்காலும் அதை வாங்குகிற நெஞ்சும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கும். விழுகிறவர் தரையைத் தொடும்வரை கேமரா விலகாது. அடி எவ்வளவு பலமானது என்று நமக்குச் சொல்வது அடிப்பவர் இல்லை, வாங்குபவர். 2005-இல் வந்த 'தோம் யாம் கூங்' படத்தின் உணவகச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிச் சுற்றி மேலே ஏறும் மாடி, ஏறக்குறைய நான்கு நிமிடம் வெட்டே கிடையாது. எல்லாரும் டோனி ஜா மூச்சு வாங்குவதைப் பற்றிப் பேசுவார்கள். நான் பார்ப்பது, கைப்பிடிக்கு அப்பால் தூக்கிப் போடப்படும் ஆளை. அவர் கீழே விழுவதும் அதே ஷாட்டில் தெரிகிறது. விழுந்த பிறகு அவருக்கு என்ன ஆனது என்று நினைக்காமல் என்னால் அடுத்த நொடிக்குப் போக முடிவதில்லை.

இந்தப் படங்களின் ஈர்ப்பு கீழே விழுகிறவர்களிடம் இருக்கிறது என்பது என் எண்ணம். உங்களுக்கு எப்படி?


விடியவிடிய எழுதியது:

சார், சந்து ஓட்டத்தை விட்டுவிட்டீர்களே! பாங்காக் சந்தில் டிங் (டோனி ஜா) ஓடும் அந்தச் சில நிமிடத்துக்கு ஈடாக ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம். வட்டமாகச் சுருட்டிய முள்கம்பிக்குள் பாய்ந்து வெளியே வருவார். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகும் கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவில் பக்கவாட்டில் புகுந்து போவார். காருக்கு அடியில் இரண்டு காலையும் விரித்தபடி சறுக்கிப் போவார். துரத்துகிறவர்களின் தோள்மேல் ஏறி ஓடுவார்.

இதில் டிங் விழவில்லை, அடியும் வாங்கவில்லை. ஒரு மனுஷன் ஓடுகிறார், அவ்வளவுதான். அதுவே போதுமாக இருக்கிறது. அந்த உடம்பால் முடியும் என்பதைக் கண்ணால் பார்ப்பதில்தான் எனக்கு ஆனந்தம். நீங்கள் சொல்வது இரண்டாம் பட்சம்தான் சார்.


எடிட்டிங் மேசை எழுதியது:

விடியவிடிய சொன்ன சந்து ஓட்டத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பெரிய தாவல் ஒவ்வொன்றையும் இரண்டு முறை, சிலவற்றை மூன்று முறைகூடக் காட்டுகிறார்கள். முதலில் ஒரு கோணம், உடனே இன்னொரு கோணத்தில் அதே தாவல் மெதுவாக. என்னைப் போல் வெட்டுகிற வேலை செய்பவர்களுக்கு இது பெரும் பாவம். நேரம் பின்னோக்கிப் போய்விடுகிறதே! ஜாக்கி சான் 1983-இல் மணிக்கூண்டிலிருந்து விழுந்ததையும் இப்படித்தான் இரண்டு முறை வைத்தார்கள்.

ஆனால் இங்கே அது கதையைச் சொல்லும் வெட்டு இல்லை, சாட்சி சொல்லும் வெட்டு. 'ஏமாற்றவில்லை, இந்தப் பக்கமும் நின்று பாருங்கள்' என்கிறார்கள். 2003-இல் டோனி ஜா யாரென்று தாய்லாந்துக்கே தெரியாது. புது ஆளை நம்பவைக்க வேறு வழி இல்லை.

இன்னொன்று, சட்டக அளவு. தலை முதல் பாதம்வரை தெரிகிற மாதிரி, பெரும்பாலும் பக்கவாட்டில் வைக்கிறார்கள். பக்கவாட்டில் வைத்தால் அடிக்கும் கைக்கும் முகத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். ஏமாற்ற நினைக்கிற எந்த ஸ்டண்ட் மாஸ்டரும் அந்தக் கோணத்தை வைக்கமாட்டார். தோளுக்குப் பின்னால் வைப்பார்.

அந்த நான்கு நிமிட ஷாட் பற்றியும் ஒன்று. ஃபிலிம் காலத்தில் ஸ்டெடிகேமில் (ஆள் உடம்பில் மாட்டிக்கொண்டு ஆடாமல் படமெடுக்கும் கருவி) வழக்கமாக மாட்டும் 400 அடிச் சுருள் நான்கரை நிமிடத்துக்குள் ஓடி முடிந்துவிடும். அத்தனை பேர், அத்தனை உடையும் பொருள், அத்தனை மாடி. மூன்றாம் நிமிடத்தில் ஒருவர் தடுமாறினால் உடைந்த அவ்வளவு சாமானையும் திரும்ப அடுக்கி வைத்துவிட்டு முதலிலிருந்து வரவேண்டும். அந்தக் காட்சியின் பின்பாதியில் நாயகனின் நடை தளர்வதைப் பாருங்கள். அது நடிப்பு இல்லை.


குறுக்குத்தெரு எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் இவை படங்களா, செய்துகாட்டல்களா? 'ஓங் பாக்' கதை என்ன? ஊர்க் கோயில் புத்தர் சிலையின் தலையைத் திருடிவிட்டார்கள், மீட்க ஒருவன் பாங்காக் போகிறான். 'தோம் யாம் கூங்' கதை? யானையைத் திருடிவிட்டார்கள், மீட்க ஒருவன் சிட்னி போகிறான். திருட்டுப் போன பொருளை மாற்றினால் அடுத்த படம் தயார். நாயகனுக்குப் பேச்சும் கிடையாது, மன மாற்றமும் கிடையாது. சர்க்கஸ் பார்க்க சர்க்கஸுக்கே போகலாமே.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. மாடிப்படி, 'விழுந்தவருக்கு என்ன ஆனது என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை' என்று எழுதினீர்கள். அந்த நினைப்பையே ரசனையாகக் கொள்வது சரியா? 2016 நவம்பரில் பெங்களூரு பக்கம் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில், கன்னடப் படம் ஒன்றின் கடைசிக் காட்சிக்காக ஹெலிகாப்டரிலிருந்து குதித்த நடிகர்கள் இரண்டு பேர் மூழ்கி இறந்துபோனார்கள். உயிர்காப்பு அங்கிகூட இல்லை. அதுவும் 'உண்மையான ஸ்டண்ட்'தான். நாம் கைதட்டுவதால்தான் தயாரிப்பாளர்களுக்குத் துணிச்சல் வருகிறது.


நெல்லியடி எழுதியது:

குறுக்குத்தெரு, கதையைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு மட்டும் பதில் தாறன்.

சிலை திருட்டு என்பது அந்த ஊர் சனத்துக்குச் சும்மா ஒரு சாட்டு இல்லை. டோனி ஜா பிறந்தது சுரின் மாகாணம். பக்கத்தில் புரிராம். அங்கே பனோம் ருங் என்று பழைய கெமர் கோயில் ஒன்று மலைமேல் இருக்குது. அதின்ரை வாசல்மேல் இருந்த, பள்ளிகொண்ட பெருமாள் செதுக்கிய கல் 1960-களில் களவு போய், பிறகு சிகாகோ அருங்காட்சியகத்தில் இருப்பது தெரியவந்தது. திருப்பித் தரச் சொல்லிப் பெரிய போராட்டமே நடந்து, 1988-இல்தான் திரும்பி வந்தது. சிலையின்ரை தலையை அறுத்து வெளிநாட்டுக்கு விற்கிற கும்பல் என்று படத்தில் வரேக்க, வடகிழக்கு ஈசான் பக்கத்துச் சனம் அதை நினைக்காமல் விடுமா?

யானையும் அப்பிடித்தான். சுரின் என்றாலே யானை. குய் இன மக்கள் பரம்பரையாக யானை பழக்குகிறவர்கள், டோனி ஜாவும் அந்தச் சனம்தான். 'தோம் யாம் கூங்' தொடக்கத்தில் போர் யானையின் நாலு காலையும் காக்கிற வீரர்களைப் பற்றி வருமே, அந்த வழி வந்தவன்தான் படத்து நாயகன். கால் போனால் யானை போச்சு, யானை போனால் அரசன் போனான். கதை சின்னதுதான், ஆனால் அந்த மண்ணில் இருந்து வந்த கதை.

ஈசான் தாய்லாந்தின் வறண்ட வடகிழக்கு. பாங்காக்கில் டாக்சி ஓட்டுறவை, கட்டட வேலைக்குப் போறவை, குத்துச்சண்டை மேடையில் ஏறுறவை எல்லாரிலும் அந்தப் பக்கத்து ஆக்கள் மெத்த. ஊரில இருந்து வந்த பெடியன் ஒருத்தன் தலைநகரத்துச் சூதாட்டக்காரரை முழங்காலால் இடிக்கேக்க அங்கத்தைய தியேட்டரில் என்ன சத்தம் எழும்பியிருக்கும் என்று யோசியுங்கோ.


கெடா வாசி எழுதியது:

நான் மலேசியாவில் கெடா மாநிலம். எல்லைக்கு அந்தப் பக்கம் முவே தாய் என்கிற தாய்லாந்துக் குத்துச்சண்டை, எங்கள் பக்கம் அதைத் தொமோய் என்போம். சின்ன வயசில் கம்பத்து (கிராமத்து) மலாய்க்கார நண்பர்களோடு சேர்ந்து ஒரு குருவிடம் கொஞ்ச காலம் கற்றுக்கொண்டேன். அந்த அனுபவத்தில் ஒரு விஷயம் சொல்கிறேன்.

கராத்தே, குங்ஃபூ படங்களில் கை வேலை அதிகம். கைக்குத்தை முகத்துக்கு ஒரு சாண் தள்ளியே நிறுத்திவிடலாம். எடிட்டிங் மேசை அண்ணன் சொன்ன மாதிரி கோணம் வைத்தால் பட்டது போலவே இருக்கும். முழங்கையிலும் முழங்காலிலும் அந்த வேலை நடக்காது. அவை எட்டாத ஆயுதங்கள். நெருங்கிப் போய், எதிராளியின் கழுத்தைப் பிடித்து, அவர் மூச்சு நம் தோளில் படுகிற தூரத்தில் நின்றுதான் முழங்காலைப் போட முடியும். அந்தத் தூரத்தில் விசையைக் குறைக்கலாம், படாமல் தப்ப முடியாது. அதனால் இந்தக் கலையைப் படமெடுக்கப் போனாலே யாரோ ஒருவர் வாங்கித்தான் ஆகவேண்டும். மாடிப்படி அண்ணன் எழுதியது அங்கேதான் பொருந்துகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேடைச் சண்டைக்கும் படத்தில் பார்ப்பதற்கும் தூரம் உண்டு. பாங்காக்கின் லும்பினி, ராஜதம்னேன் அரங்குகளில் வழக்கமான சண்டை என்றால் ஐந்து சுற்று, சுற்றுக்கு மூன்று நிமிடம். அங்கே எம்பிப் பறந்து இரண்டு முழங்காலையும் நெஞ்சில் போட்டால் பெரும்பாலும் நாம்தான் கீழே கிடப்போம். படத்தில் வருவது முவே போரான், கையுறை வருவதற்கு முந்தைய பழைய முறை. கையில் கயிறு சுற்றிக்கொள்வார்கள், 'ஓங் பாக்' படத்திலும் பார்க்கலாம். பழைய அடிகளுக்கு தாய்லாந்து ராமாயணமான ராமகியேன் கதையிலிருந்து பெயர் உண்டு. இரண்டு கையையும் சேர்த்துக் கீழிருந்து தாடைக்கு எழுப்பும் அடிக்கு, அனுமன் மோதிரம் கொடுத்தல் என்று பெயர். படத்தின் ஆரம்பத்தில் டிங் தனியாகப் பயிற்சி செய்து காட்டும் இடத்தை எங்கள் குரு நிறுத்தி நிறுத்தி விளக்கினார். இடுப்பு எங்கே திரும்புகிறது, ஊன்றிய காலின் குதிகால் எப்போது தூக்குகிறது என்று. முகத்தைப் பார்க்கவே விடமாட்டார்.


வடபழனி மருமகன் எழுதியது:

என் தாய்மாமன் கோடம்பாக்கத்தில் ஃபைட்டராக இருந்தவர். இப்போது வேலைக்குப் போவதில்லை. மாடிப்படி சார் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசினார். அதைத்தான் எழுதுகிறேன்.

விழுவதில் முதல் பாடம் மூச்சாம். அடி படுகிற நேரத்தில் மூச்சை வெளியே விட்டிருக்கணும். உள்ளே பிடித்து வைத்திருந்தால் தரை தொடும்போது நெஞ்சு அடைத்துவிடும். இரண்டாவது தாடை. தாடையை நெஞ்சோடு ஒட்ட வைத்தால் பின்மண்டை தரையில் மோதாது. மூன்றாவது, எந்த இடம் முதலில் தரையைத் தொடுகிறது என்பது. தோளின் பின்சதை தொடணும், அப்புறம் முதுகு ஒரு பக்கமாக உருளணும். கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கையைத்தான் ஊன்றுவார்களாம், பயம் அப்படி.

இதெல்லாம் பெட் போட்ட இடத்தில். இல்லை என்றால் காலி அட்டைப்பெட்டி அடுக்குவார்கள், அதற்கு மேல் ஒரு விரிப்பு. தாய்லாந்துப் படங்களைப் பார்க்கும்போது மாமாவுக்கு ஆச்சரியம், கேமரா அந்தத் தரையையும் சேர்த்துக் காட்டுகிறதே என்பதுதான். பெட் எங்கேயும் தெரிவதில்லை, மறைக்க இடமும் இல்லை. 'இவன் வெறும் சிமெண்டுல விழறான்டா' என்று திரையைத் தொட்டுக் காட்டினார்.

ஒரு கம்பெனிப் படத்தில் அவருக்குத் தோள் இறங்கியபோது ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுக்க இழுத்தடித்தார்கள். குறுக்குத்தெரு கேட்டதில் நியாயம் இருக்கிறது என்று அதனால்தான் அவரும் சொல்கிறார். ஆனால் அவர் வருத்தம் ஆபத்தைப் பற்றி இல்லை. அத்தனை வருடம் விழுந்தும் அவர் விழுந்ததை யாரும் முழுசாகக் காட்டவே இல்லை என்பதில்தான். கால் தரையை விட்டு எழும்பும், உடனே நாயகன் முகத்துக்குப் போய்விடுவார்கள்.


மாடிப்படி எழுதியது:

வடபழனி மருமகன், உங்கள் மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் சுற்றி வளைத்து எழுதியதை அவர் நேரடியாகச் சொல்லிவிட்டார்.

குறுக்குத்தெரு, உங்கள் கேள்வியைத் தட்டிக்கழிக்கப் போவதில்லை. ஏரியில் மூழ்கியவர்களுக்கு நடந்தது அலட்சியம். தயார் செய்யாமல் மனிதர்களைத் தள்ளிவிட்டார்கள். அதற்கும் பன்னா செய்ததற்கும் வித்தியாசம் உண்டு என்று நம்புகிறேன். பன்னா கோன் கேன் ஊர்க்காரர். 1980-களிலேயே சின்னச் செலவில் சண்டைப் படங்களை எடுத்து ஈசான் ஊர்களில் ஓடவிட்டவர். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு அவரைத் தேடிப் போன பையன்தான் டோனி ஜா. உடனே கேமரா முன்னால் நிறுத்தவில்லை. முதலில் மகா சரகாமில் உள்ள உடற்கல்விக் கல்லூரிக்கு அனுப்பினார். அப்புறம் குழுவில் சேர்த்துக்கொண்டார். 1997-இல் ஒரு ஹாலிவுட் படத்தில் நடிகர் ராபின் ஷூவுக்கு டூப் போட்டதும் இந்தப் பையன்தான். 'ஓங் பாக்' என்பது அவ்வளவு வருடப் பயிற்சியின் முடிவில் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த செய்துகாட்டல் சுருளைப் பார்த்த பிறகுதான் பிராச்யா உள்ளே வந்தார்.

அதற்காக யாருக்கும் அடிபடவில்லை என்று சொல்ல வரவில்லை. காலில் தீ வைத்துக்கொண்டு உதைக்கும் காட்சியில் தீ மேலே ஏறி, புருவமும் இமைமுடியும் கருகியதாக டோனி ஜாவே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் மறுபடி டேக் போனார்கள்.


குறுக்குத்தெரு எழுதியது:

மறுபடி டேக் போனார்கள் என்பதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அது பெருமை இல்லை. அந்த இடத்தில் 'போதும்' என்று சொல்ல ஓர் ஆள் இருந்திருக்கணும்.


செவ்வாழை எழுதியது:

இவ்வளவு பேசியும் ஒருவர்கூட ஜீஜா யானின் பெயரை எடுக்கவில்லை. எனக்குக் கோபமே வருகிறது.

'சாக்லேட்', 2008. இதே பிராச்யா இயக்கம், இதே பன்னா சண்டை. நாயகி ஆட்டிசம் உள்ள இளம்பெண், பெயர் ஜென். பக்கத்திலுள்ள முவே தாய்ப் பயிற்சிக்கூடத்தைப் பார்த்தும், தொலைக்காட்சியில் டோனி ஜா படத்தைப் பார்த்துமே சண்டை கற்றுக்கொள்கிறாள். அம்மாவுக்குப் புற்றுநோய், மருந்துக்குப் பணம் வேண்டும். அம்மாவிடம் கடன் வாங்கியவர்களைத் தேடிப் போகிறாள். ஐஸ் தொழிற்சாலை, மிட்டாய்க் கிடங்கு, இறைச்சிக்கூடம் என்று ஒவ்வொரு இடமாக. ஐஸ் தொழிற்சாலை என்றதும் புரூஸ் லீ ரசிகர்களுக்குப் பொறி தட்டும். அவர் 1971-இல் நாயகனாக நடித்த முதல் பெரிய படத்தை எடுத்தது தாய்லாந்தில் பாக் சோங்கில், அதிலும் ஐஸ் தொழிற்சாலைதான்.

ஜீஜா டேக்வாண்டோ பின்னணியில் வந்தவர், சிறிய உருவம். படத்தின் கடைசியில் ஒரு கட்டடத்தின் வெளிச்சுவரில், ஓர் ஆள் நிற்கிற அகலமுள்ள விளிம்புகளில் சண்டை. மேல்மாடியிலிருந்து ஆட்கள் விழுகிறார்கள். நேராக விழவில்லை. ஒரு விளிம்பில் இடுப்பு இடிக்கிறது, அதில் திரும்பி அடுத்ததில் தோள் இடிக்கிறது, அப்புறம் தெரு. ஒரே ஷாட். மாடிப்படி அண்ணா, உங்கள் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது படப்பிடிப்பில் அடிபட்டவர்களைக் காட்டுகிறார்கள். கழுத்துப் பட்டை போடுவது, தூக்கிக்கொண்டு போவது, ஜீஜாவின் முகத்தில் ஒத்தடம் கொடுப்பது எல்லாம். குறுக்குத்தெரு, அதைப் பார்க்கும்போது எனக்கும் வயிற்றைப் பிசையும். ஆனாலும் அதைக் காட்டியது நல்லது என்றுதான் சொல்வேன். செலவுக் கணக்கை ஒளிக்காமல் காட்டிவிட்டார்கள். சினிமாவில் அது அபூர்வம்.


நெல்லியடி எழுதியது:

அக்கா, 'சாக்லேட்' எனக்கும் பிடிக்கும். ஆனால் விழுகிற ஆக்களைப் பற்றியே கதைக்கிறம் என்றால் 2004-இல் வந்த 'கெர்ட் மா லுய்' படத்தை விட்டால் சரிவராது. பன்னாவே இயக்கினது. 1984-இல் தான் எடுத்த படத்தின்ரை பெயரையே திரும்ப வைத்தவர். நாயகன் டான் சுபோங், அவரும் பன்னாவின்ரை ஆள்.

தொடக்கத்திலேயே இரண்டு பெரிய லொறிகள் பக்கத்துப் பக்கத்தில் ஓட, மேலே சண்டை. ஓர் ஆள் இரண்டு லொறிக்கும் நடுவில் விழுகிறார். தலைக்கும் சக்கரத்துக்கும் இடையில் இருந்த தூரத்தைப் பார்த்தால் நெஞ்சு நிக்கும். ஒரே ஷாட்டில் எடுத்தது.

அந்தப் படத்தின்ரை புதுமை என்னெண்டால், ஊர் மக்களைப் பயங்கரவாதிகளிடம் இருந்து மீட்கிறவை நிசமான விளையாட்டு வீரர்கள். தாய்லாந்துக் கால்பந்தில் பெரிய பெயரான பியபோங் பியூ-ஓன் நடிச்சிருக்கிறார், 1985-இல் கொரிய லீக்கில் அதிக கோல் போட்டவர். செபக் தக்ரோ (பந்தைக் காலால் வலைக்கு மேலே அடிக்கிற விளையாட்டு) வீரர், ஜிம்னாஸ்டிக் வீரர், டேக்வாண்டோ வீராங்கனை என்று ஆளாளுக்குத் தங்கட விளையாட்டாலேயே சண்டை பிடிப்பினம். செபக் தக்ரோ பார்த்தவைக்குத் தெரியும், வலைக்கு மேலே தலைகீழாகத் திரும்பி உதைக்கிற உதை அது. அதை அப்பிடியே சண்டைக்குள் கொண்டுவந்திருக்கினம். முகபாவம் வராது அவைக்கு, வசனமும் வராது. ஆனால் கால் பேசும்.


விடியவிடிய எழுதியது:

'கெர்ட் மா லுய்' இப்போதுதான் பார்த்து முடித்தேன் நெல்லியடி. அந்த லாரி ஷாட்டில் இருக்கையிலிருந்து எழுந்தேவிட்டேன்.

சரி, நம்ம ஊர்த் தொடர்பு ஒன்று. 'ஏழாம் அறிவு' படத்தில் சூர்யாவை எதிர்த்து டாங் லீயாக வந்தாரே ஜானி ட்ரீ நுயன், அவர்தான் 'தோம் யாம் கூங்' படத்தில் டோனி ஜாவோடு மோதுகிறவர். வியட்நாமியர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே டோனி ஜாவின் வேகத்துக்கு ஈடுகொடுத்து, அடியையும் வாங்கிக்கொண்டு நிற்கிற கால்கள். நம் படத்தில் அவர் கண்ணைத்தான் அதிகம் காட்டினார்கள். கண்ணாலேயே வசியம் செய்கிற பாத்திரம் என்பதால் அது தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மனுஷனை முழுசாக நிறுத்தி ஒரு நிமிடம் சண்டை போட விட்டிருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.


எடிட்டிங் மேசை எழுதியது:

இந்த ஓட்டம் ஏன் நின்றுபோனது என்பதையும் பேசணும். 'ஓங் பாக் 2' எடுக்கும்போது டோனி ஜாவே இயக்குநர். 2008-இல் படப்பிடிப்பு நடுவில் ஆளைக் காணோம். செலவு எகிறிவிட்டது, பன்னா வந்து கைகொடுத்துத்தான் படம் முடிந்தது. அந்தப் படத்தில் ஓடும் யானைகளின் முதுகு மேல் ஏறி ஓடுவது போன்ற அற்புதங்கள் உண்டு, ஆனால் சோகமும் இருட்டும் கூடிவிட்டது. 2010-இல் 'ஓங் பாக் 3' வந்தது, டோனி ஜா துறவியானதும் அந்த வருடம்தான்.

2013-இல் 'தோம் யாம் கூங் 2'. அதே பிராச்யா, அதே பன்னா, அதே டோனி ஜா, கூடவே ஜீஜா. முப்பரிமாணத்தில் எடுத்தார்கள், தீயிலும் தாவலிலும் கிராஃபிக்ஸ் வந்தது. மூன்று மடங்கு வேகம், அதில் ஒரு பங்குகூட மனதில் நிற்கவில்லை. மோட்டார் சைக்கிள் கூட்டம் கூரை மேல் துரத்தும் காட்சியில் உண்மையாகவே செய்த தாவல்களும் இருக்கின்றன. ஆனால் பக்கத்து ஷாட் கணினியில் செய்தது என்று கண் கண்டுபிடித்துவிட்டால், உண்மையானதையும் நம்ப மறுக்கிறது. எனக்கு அந்தப் படம் கற்றுக்கொடுத்தது இதுதான். கலப்படம் கொஞ்சமா நிறையவா என்பது விஷயமே இல்லை.

2014 ஜூலையில் பன்னா இறந்துபோனார், வயது 53. அடுத்த வருடம் டோனி ஜா 'ஃபியூரியஸ் 7'-இல் வந்தார். அதில் வெட்டும் வேகத்தில் அவர் முழங்கால் எங்கே போய்ப் பட்டது என்றே தெரியவில்லை. அதே வருடம் ஹாங்காங்கில் செய்த 'எஸ்பிஎல் 2' பரவாயில்லை, அவரைப் புரிந்துகொண்டு நின்று எடுத்திருக்கிறார்கள்.


கெடா வாசி எழுதியது:

அண்ணே, ஓட்டம் நிற்கவில்லை, இடம் மாறியது என்று சொல்வேன். 2011-இல் இந்தோனேசியாவிலிருந்து 'தி ரெய்டு' வந்தது. சிலாட் என்கிற அந்தப் பக்கத்துத் தற்காப்புக் கலைச் சண்டை, ஒரே அடுக்குமாடிக் கட்டடம். அதிலும் கதவு விளிம்பில் இடித்துக்கொண்டு விழுகிறவர்களைப் பாருங்கள். தாய்லாந்துக்காரர்கள் வழி போடாமல் இருந்திருந்தால் அந்தப் படத்தை யாராவது நம்பிப் பணம் போட்டிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.


குறுக்குத்தெரு எழுதியது:

நீங்கள் எல்லாரும் எழுதியதைப் படித்துவிட்டு 'சாக்லேட்' பார்த்தேன். செவ்வாழை சொன்ன அந்தச் சுவர்ச் சண்டை அபாரம், மறுக்கவில்லை. ஆனாலும் என் பேச்சில் நான் நிற்கிறேன். இந்தப் படங்களைக் கொண்டாடுகிறவர்கள் விழுந்தவர்களின் பெயரையாவது தெரிந்துவைத்திருக்கணும். சுவரிலிருந்து விழுந்த ஆறேழு பேரில் ஒருவர் பெயர்கூட நம்மில் யாருக்கும் தெரியாது. டோனி ஜா, ஜீஜா என்று இரண்டு பெயரையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறோம்.


வடபழனி மருமகன் எழுதியது:

குறுக்குத்தெரு அண்ணன் சொன்னதை மாமாவிடம் சொன்னேன். 'பேரு வேணாம்பா, இன்சூரன்ஸு போட்டு, பேட்டாவை அன்னன்னிக்கே குடுத்துட்டா போதும். அப்புறம் நான் விழுந்ததை முழுசா காட்டு' என்றார். இரண்டும் சேர்ந்து கிடைக்கணும் என்பதுதான் அவர் கட்சி. என் கட்சியும் அதுதான்.


செவ்வாழை எழுதியது:

மாமா சொன்னதுதான் சரி. என் தம்பி இந்த இழையைப் படித்துவிட்டு எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிறான். அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள். எந்தப் பிரதி என்றும் சொல்லிவிடுங்கள், இணையத்தில் இரண்டு மூன்று விதமாகக் கிடக்கிறது.


மாடிப்படி எழுதியது:

செவ்வாழை, தம்பியை 'ஓங் பாக்' படத்திலிருந்தே ஆரம்பிக்கச் சொல்லுங்கள், ஆனால் தாய்லாந்து மூலப் பிரதியாக இருக்கட்டும். பிரான்சில் லூக் பெசோனின் நிறுவனம் வாங்கி வெளியிட்ட பிரதியில் இசையை மாற்றி, கிளைக்கதை ஒன்றையும் வெட்டிவிட்டார்கள். சண்டைகள் இருக்கும், ஆனால் பாங்காக் அந்த ஆட்களை என்ன செய்கிறது என்பது குறைந்துவிடும்.

'தோம் யாம் கூங்' படத்துக்கு இன்னும் கவனம் தேவை. அமெரிக்காவில் வேறு பெயரில் வந்த பிரதியில் இருபது நிமிடத்துக்கு மேல் வெட்டிவிட்டார்கள். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடினால் அது முழுப் பிரதி. ஆங்கில டப்பிங் வேண்டாம், தாய் மொழியிலேயே சப்டைட்டிலோடு பார்க்கட்டும். சிட்னி காட்சிகளில் வரும் ஆங்கிலத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு 'கெர்ட் மா லுய்', கடைசியாக 'சாக்லேட்'. பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எழுந்து போய்விடக் கூடாது என்று சொல்லி வையுங்கள். குறுக்குத்தெரு கேட்ட பெயர்களில் பாதி அங்கேதான் இருக்கிறது. தாய் எழுத்து படிக்கத் தெரிந்தவர் நம் குழுவில் யாராவது இருந்தால் இங்கே எழுதுங்கள், ஸ்டண்ட் குழுவின் பட்டியலை மட்டும் தனியாக எடுத்துப் போட்டுவிடலாம்.